காஞ்சித் தண்டியும் நிலம் கடந்த உவமையும்

நடுவில் மெல்லெழுத்து, சுற்றிலும் நான்கு வர்ணங்கள் அமைந்த ஒரு நகரம்; அதை ஆள்வோர் பெயரில் எட்டு எழுத்து. ‘காவியாதர்சம்’ மூன்றாம் பகுதியில் தண்டி போடும் விடுகதையின் சாரம் இது. வடமொழி முறைப்படி உயிரையும் மெய்யையும் தனித்தனியே எண்ணினால் விடை கிடைக்கும். க், ஆ, ஞ், ச், ஈ: காஞ்சீ. எட்டு எழுத்தார் ‘பல்லவாஃ’, அதாவது பல்லவர். ‘வர்ணம்’ என்பது எழுத்தையும் குலத்தையும் ஒருங்கே சுட்டுவதால், ஊரின் பெயரும் ஊரின் மக்களும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றனர். ஏழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் காஞ்சியில் வாழ்ந்த இந்த ஆசிரியரால் தமிழ் அணியிலக்கணம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தண்டிக்கு முன்பே தமிழில் உவமைக் கோட்பாடு வேரூன்றியிருந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் உவமவியல் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமையை வகுக்கிறது. உருவகத்துக்கு அங்கே தனி இடம் இல்லை. தொல்காப்பியரின் தனிச்சிறப்பு உள்ளுறை உவமம். தெய்வம் நீங்கிய கருப்பொருள்களே அதற்கு நிலைக்களம். மருதநிலத்துப் பொய்கையில் எருமை தாமரையை மிதித்து உழக்குவதாகத் தலைவி சொன்னால், பரத்தையை நாடிய தலைவனின் செயல் கேட்பவருக்கு விளங்கும். அந்த நிலத்தையும் அதன் ஒழுக்கத்தையும் அறியாதவருக்கு அது வெறும் எருமைதான்.

தண்டி சென்ற வழி வேறு. நிலத்தைச் சாராமல், சொல்லும் முறையை மட்டும் வைத்து அணிகளை வகுத்து எண்ணினார். உவமையில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட வகைகள் கண்டார். எந்த நிலத்துக்கும் பொருந்தியதால் நூல் தொலைதூரம் சென்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னடக் ‘கவிராஜமார்க்க’மும் சிங்களச் ‘சியபஸ்லகர’வும் அதைத் தழுவி எழுந்தன, பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது திபெத்திய மொழிக்கும் போனது.

தமிழுக்கு அந்த நெறி 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திரன் காலத்துப் பௌத்தரான புத்தமித்திரரின் வீரசோழியம் வழியே வந்தது. எழுத்து, சொல், பொருள், யாப்போடு அலங்காரமும் இலக்கணத்தின் ஐந்தாம் உறுப்பாயிற்று. அடுத்த நூற்றாண்டின் தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என வரையறுத்தது. உருவகம் தனி அணியாக நிமிர்ந்தது. அதன் எடுத்துக்காட்டுப் பாடல்களில் சோழன் அனபாயன் புகழப்படுகிறான். கோட்பாடு காஞ்சியிலிருந்து வந்தது. பாட்டுடைத் தலைவன் சோழநாட்டவன்.

இந்த மாற்றத்தின் மையம் ஒட்டணி. கருதியதை மறைத்து, அதை ஒத்த வேறொன்றைச் சொல்லி விளங்கவைப்பது அது. உள்ளுறையும் மறைத்தே சொல்கிறது. ஆனால் ஒட்டணிக்குத் திணை வேண்டாம், கருப்பொருளும் வேண்டாம். எந்த ஊர்ப் பொருளைக் கொண்டும் எவரும் ஒட்டணி அமைக்கலாம். இது பெரும் பேறு. மண்ணை அறிந்தால்தான் பொருள் திறக்கும் என்ற உறவு அறுந்தது, இது இழப்பு. இன்று அணிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவர் உள்ளுறையை எட்டாமல் நிற்பதற்கு இந்த அறுபடலும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

அறுந்த உறவின் ஓர் இழை காஞ்சித் தறிகளில் இருக்கிறது. கரையில் முக்கோண வரிசை ஓடினால் அது கோபுரம். சிறு புள்ளி வட்டம் மயில்கண். இவை மெய் உவமைகள். நீலப் பாவில் பச்சை ஊடை ஓட்டி, அசைவில் நிறம் மாறும் பட்டுக்கு மயில்கழுத்து என்று பெயர். இது உரு உவமை. மயிலின் கழுத்து வெயிலில் திரும்புவதைப் பார்த்தவருக்கே அந்தப் பெயரின் முழுப்பொருள் புரியும். அணியிலக்கண வகுப்பு 35 பெயர்களில் தொடங்காமல், இப்படி ஒரு சேலையை வெளிச்சத்தில் விரித்துத் தொடங்கட்டும். பிறகு தண்டியையும் தொல்காப்பியரையும் ஒருசேரப் படிக்கலாம்.