அடுக்கின் திசையும் நிரப்பும்: சிவகங்கை வட்டாரத்து உருமாறிய பாறைகளின் உடைவு

உருமாறிய பாறைகளில் கனிமங்கள் ஒன்றுக்கொன்று இணையான தளங்களில் அணிவகுத்து நிற்கும் அமைப்பை இலையடுக்கு என்பர். இவ்வடுக்குடைய பாறை எப்போதும் அடுக்கின் வழியேதான் உடையும் என்பது பொதுவிதிபோல் ஏற்கப்பட்டுள்ளது. இளையாத்தங்குடியை உள்ளடக்கிய சிவகங்கைப் பகுதியின் பாறைகளை ஆராய்ந்தால் இவ்விதி ஒரு பகுதி உண்மையே என்பது புலப்படும். அடுக்கு விசையை எந்தக் கோணத்தில் எதிர்கொள்கிறது, அதில் எந்தக் கனிமம் இடையறாது பரவியுள்ளது என்னும் இரண்டையும் பொறுத்தே அடுக்கு பலவீனமாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிவகங்கை மாவட்டத்தின் கிழக்கே காரைக்குடிப் பக்கத்தில் செம்புரைக்கல்லும் மணற்கல்லும் அடித்தளத்தை மூடியிருக்க, மேற்கே திருப்பத்தூர் வட்டாரத்தில் பழம்பாறை குன்றுகளாக வெளித்தெரிகிறது. நிலவியலார் மதுரைப் பாறைத்தொகுதி எனக் குறிக்கும் இந்நிலப்பகுதி, கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்தில் 800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியது. அவ்வெப்பத்தில் மைக்காவின் பெரும்பகுதி சிதைந்து வேறு கனிமங்களாக மாறியமையால், குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் மிகுந்த வெளிர்பட்டைகளும் கருங்கனிமங்கள் மிகுந்த கரும்பட்டைகளும் மாறிமாறி வரும் நைஸ் பாறை இங்கு உருவாயிற்று. சிலேட்டுக் கல்லில் மைக்காவின் மென்தகடுகள் தாள்போல் பிரிய இடமளிக்கின்றன; நைசிலோ பட்டைகளின் எல்லையைத் தாண்டிப் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. ஆகவே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பட்டை வலிமையிலும் அதே அளவு வேறுபாட்டைக் காட்டவேண்டும் என்பதில்லை.

அடுக்கின் திசை வலிமையை எவ்வாறு மாற்றுகிறது என்பதை 1960-இல் ஜே. சி. ஜேகர் கணித வடிவில் விளக்கினார். பாறையை ஒரு திசையில் அமுக்கும்போது அடுக்குத்தளத்தின் மீது, அத்தளத்திற்குச் செங்குத்தாக அழுத்தும் தகைவும் அதன் வழியே சறுக்கவைக்கும் தகைவும் ஒருசேரச் செயல்படுகின்றன. தகைவு என்பது ஓரலகுப் பரப்பின்மீது விழும் விசை. சறுக்குத் தகைவு, தளத்தின் ஒட்டுவலிமையையும் உராய்வையும் விஞ்சினால்தான் அடுக்குவழியே நழுவல் நிகழும். உராய்வுக் கெழு 0.6 எனக் கொண்டால் உராய்வுக் கோணம் ஏறத்தாழ 31 பாகையாகும். அப்போது அமுக்கும் அச்சுக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்ந்த அடுக்கே மிக எளிதில் நழுவும், 59 பாகைக்கு மேல் விலகிய அடுக்கு எவ்வளவு அமுக்கினும் நழுவாது. அந்நிலையில் பாறை தன் அடுக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு உடையும். 1961-இல் ஃபிரெட் டோனத் சிலேட்டில் செய்த சோதனைகளும் வலிமை 30 பாகையை ஒட்டி மிகக் குறைந்து இருபுறமும் உயர்வதைக் காட்டின.

இந்தக் கணக்கில் அடுக்குத்தளத்தை நிரப்பும் கனிமம் புகுந்தால் முடிவு தலைகீழாகிறது. சிவகங்கைக்கு அருகில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுக்கும் செதில் கிராபைட், நைசைச் சார்ந்த உருமாறிய பாறைகளிலேயே காணப்படுகிறது. கிராபைட் தகடுகளுக்கிடையே பிணைப்பு மிக மென்மையானது. அதன் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.1 மட்டுமே. இம்மதிப்பை மேற்கண்ட சமன்பாட்டில் இட்டால் மிக எளிதாக நழுவும் கோணம் 42 பாகையாக நகர, நழுவக்கூடிய எல்லையும் 84 பாகைவரை விரிகிறது. அதாவது ஏறக்குறைய எத்திசையிலிருந்து அமுக்கினும் நழுவல் சாத்தியமாகிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. செதில்கள் சிதறிக்கிடந்தால் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார்ச் சட்டகமே சுமையைத் தாங்கும். அவை ஒன்றையொன்று தொட்டுத் தொடர்படலமாகும்போதுதான் வலிமை திடீரெனச் சரியும்.

ஆழத்தில் அடுக்கு உடைவதற்கு மாறாக மடிந்து நீளுகிறதே, அடுக்கின் மென்மையே அதற்குக் காரணமன்றோ என்று கேட்கப்படலாம். ஏறத்தாழ 300 பாகையில் குவார்ட்சும் 450 பாகைக்கு மேல் ஃபெல்ஸ்பாரும் உடையாமல் ஓடத் தொடங்குகின்றன. அப்போது விறைப்பான பட்டை மென்மையான சூழலுக்குள் அமுங்கி மடிகிறது. அதுவே இழுக்கப்பட்டால் இடையிடையே சுருங்கித் துண்டாகிறது. இவ்விரு வடிவங்களையும் விளைவிப்பது பட்டைகளுக்கிடையிலான விறைப்பு வேறுபாடு ஆதலால், ஆழத்திலும் அடுக்கு என்னும் பெயரைவிட அதன் உள்ளடக்கமே முதன்மை பெறுகிறது.

மேற்பரப்பில் வேறொரு சான்று கிடைக்கிறது. திருமயம் குன்று போன்ற வழுக்குப் பாறைக்குன்றுகளில் மேற்பரப்புக்கு இணையாகப் பாறை தகடுதகடாகப் பெயர்வதுண்டு. குவிந்த பரப்பின் வழியே அமுக்கத் தகைவு வளைந்து செல்லும்போது, பரப்புக்குச் செங்குத்தாக ஓர் இழுவை பிறக்கிறது. மேலுள்ள பாறையின் எடையை அது வென்றால் விரிசல் திறக்கிறது. இவ்விரிசல் குன்றின் வளைவைப் பின்பற்றுவதால், பல இடங்களில் இலையடுக்கை வெட்டிக்கொண்டே செல்கிறது.

கட்டுமானத்தில் இவ்வேறுபாட்டின் பயன் தெளிவாகத் தெரியும். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று இளையாத்தங்குடியில் உள்ளது. அத்தகைய கற்கோயில்களில் 3 மீட்டர் இடைவெளியில் 30 செ.மீ. தடிப்புள்ள உத்திரம் தன் எடையை மட்டும் தாங்குவதாகக் கொண்டால், அதன் அடிப்புறத்தில் ஏறத்தாழ 0.6 மெகாபாஸ்கல் இழுவை எழும். தூணின் மேலுள்ள போதிகை அவ்விடைவெளியை 2.4 மீட்டராகக் குறைத்தால், இழுவை இடைவெளியின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் 0.38 ஆகத் தாழும். அடுக்கு உத்திரத்தின் நீளவாக்கில் கிடந்தால் இவ்விழுவை பட்டைகளின் வழியே செல்லும். குறுக்கே நின்றால் பட்டைகளைப் பிரித்தெடுக்க முயலும். ஒரே கல்லாயினும் உத்திரம் எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் தாங்குதிறன் வேறுபடும் என்பதற்கு இதுவே காரணம்.

எனவே, உருமாறிய பாறையின் வலிமையை ஒற்றை எண்ணாகக் குறிப்பது போதாது. குவாரியிலும் கோயில் திருப்பணியிலும் அமுக்கச் சோதனையைப் பல கோணங்களில் நடத்தி, அடுக்கில் தொடர்ச்சியான மென்படலம் உண்டா என்பதை நுண்ணோக்கியில் பார்த்த பின்னரே கல்லின் தரத்தை உறுதிசெய்யவேண்டும். பட்டை தெரிகிறது என்பதற்காக நல்ல நைசை ஒதுக்குவதும், பட்டை தெளிவில்லை என்பதற்காகக் கிராபைட் படலமுள்ள கல்லை ஏற்பதும் ஒரே பிழையின் இரு முகங்களே.