ஊசியும் கூலியும்

தையல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பெண் என்பது ஒன்று. ஊசியும் நூலும் கொண்டு துணியை இணைப்பது மற்றொன்று. ஆத்திசூடி முதற்பொருளில் வரும் தையலின் பேச்சைக் கேளாதிருக்கச் சொன்னது. பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் அவளை உயர்த்தச் சொன்னார். நம் வட்டத்துக் கவியரங்குகளில் இவ்விரு பொருளையும் வைத்துச் சிலேடை பாடாதவர் சிலரே. சிலேடையைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டாவது தையலைச் செய்த முதலாவது தையலுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கப் பாடல்களில் நூல் நூற்கும் பெண்களைக் காண்கிறோம். புறநானூற்றில் பருத்திப் பெண்டு ஒருத்தி இரவில் எழுந்து, செத்தையும் தூசியும் தட்டிச் சிறு விளக்கின் ஒளியில் வேலை செய்கிறாள். நற்றிணையில் கபிலர், மலைமேல் தவழும் மேகத்துக்கு, ஆண் துணையில்லாத பெண்கள் தம் முயற்சியால் நூற்ற மெல்லிய நூலை உவமையாக்குகிறார். அந்த உவமையின் அழகைப் பேசிய உரையாசிரியர்கள் பலர். அது கைம்பெண்ணின் வயிற்றுப்பாடு என்பதைப் பேசியவர் குறைவு. நூற்றல் அவளுக்குத் தொழில். பொழுதைப் போக்கும் வழி என்று அதை எவரும் சொல்லவில்லை.

பெண்ணின் கைவேலையைப் பொழுதுபோக்கு என்று பெயரிட்டு அழைக்கும் வழக்கத்தின் வரலாறு இங்கிலாந்தில் தெளிவாகத் தெரிகிறது. ரோசிகா பார்க்கர் 1984-இல் வெளியிட்ட பூத்தையல் பற்றிய நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். இடைக்காலத்தில் தேவாலய அங்கிகளில் பூத்தையல் செய்தவர்களில் ஆண்களும் இருந்தனர், பெண்களும் இருந்தனர். அது பட்டறைகளில் கூலிக்கு நடந்த மதிப்பு மிக்க தொழில். பிற்காலத்தில் அதுவே குடும்பப் பெண்ணின் இலட்சணமாயிற்று. குனிந்த தலையும் மடியிலுள்ள துணியும் அடக்கத்தின் அடையாளங்களாயின. பெண்மை என்ற ஒன்றை உருவாக்கவும், அதற்குள்ளேயே அதை எதிர்க்கவும் அதே ஊசி பயன்பட்டது என்பது பார்க்கரின் முடிவு. ஆனால் இக்கேள்வியை அவருக்கு 169 ஆண்டுகள் முன்பே, அதுவும் ஊசி பிடித்துப் பிழைத்த ஒருத்தியாகவே நின்று, கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் மேரி லாம்.

நம்மில் பலர் பள்ளியில் 'ஷேக்ஸ்பியர் நாடகக் கதைகள்' படித்திருப்போம். சார்லஸ் லாம் எழுதியது என்றே பலரும் நினைவில் வைத்திருப்பர். அதிலுள்ள இருபது கதைகளில் பதினான்கு, அவருடைய தமக்கை மேரி எழுதியவை. 1807-இல் வெளிவந்த முதற்பதிப்பின் முகப்பில் தம்பியின் பெயர் மட்டுமே இருந்தது. தம்பி, சோழமண்டலக் கரையிலும் வங்கத்திலும் துணி வாங்கி விற்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் கணக்கெழுதியவர். தமக்கை வீட்டிலிருந்தபடியே பெண்களின் மேலங்கி தைத்துப் பெற்றோரைக் காத்தவர். 1796 செப்டம்பர் 22-ஆம் நாள், வேலை மிகுதியாலும் நோயாளித் தாயைப் பேணும் சுமையாலும் தளர்ந்திருந்த மேரிக்குச் சித்தம் கலங்கியது. தன்னிடம் தொழில் பழகிய சிறுமியைக் கத்தியுடன் துரத்தினார்; குறுக்கே வந்த தாய் குத்துண்டு இறந்தார். அப்போது மேரிக்கு வயது 31. இருபத்தொரு வயதுத் தம்பி, தமக்கையைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டு கடைசிவரை காத்தார். இந்தக் கொடுமையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறையில் ஒரு தையல் வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை அழுத்திச் சொன்னவர் சிலரே.

1815-இல் 'செம்ப்ரோனியா' என்ற புனைபெயரில், பெண்களுக்கான ஒரு பத்திரிகையில் மேரி ஊசிவேலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பதினோராண்டுகள் ஊசியால் பிழைத்தவர் என்ற தகுதியை அவரே அதில் முன்வைக்கிறார். தையல் கூலிக்கன்றி வேறெதற்கும் செய்யப்படக் கூடாது என்பது அவர் வாதம். கேட்க விந்தையாக இருக்கும். அவர் அதைப் படிப்படியாகக் கட்டுகிறார். ஆணுக்கு வேலை நேரம் வேறு, ஓய்வு நேரம் வேறு. அலுவலகத்திலிருந்து வந்தவன் ஓய்ந்திருப்பதை எவரும் குறை சொல்வதில்லை. வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கோ முழு வேலையும் இல்லை, முழு ஓய்வும் இல்லை. ஓய்வாக இருப்பதற்கு வெட்கப்பட்டு மடியில் துணியை வைத்துக்கொள்கிறாள். அதனால் படிப்புக்குச் செல்ல வேண்டிய பொழுது போகிறது. அதைவிடக் கொடுமை, காசுக்குத் தைக்கும் ஏழைப் பெண்ணின் வேலையும் போகிறது. தைப்பது கூலிக்கே என்றாகிவிட்டால் பெண்ணுக்கென்று ஒரு தொழில் நிற்கும். மகனுக்குத் தொழில் கற்பிப்பது போல மகளுக்கும் கற்பிக்கத் தகப்பனுக்கு மனம் வரும். வீட்டில் தைத்து மிச்சம் பிடிக்கிறோம் என்று பெருமை கொள்வோரிடம், அந்த மிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கிறார். தைப்பதில் இன்பம் காண்பவர்கள் காணட்டும்; ஆனால் அதனால் மிச்சமான பணத்தை, எந்த வேலையை எடுத்துக்கொண்டார்களோ அந்த வேலையை நம்பியுள்ள ஏழைப் பெண்களுக்கே கொடுத்துவிடட்டும் என்று முடிக்கிறார்.

அவர் இக்கட்டுரையை எழுதிய 1814 டிசம்பரில், நண்பர் கிராப் ராபின்சன் தம் நாட்குறிப்பில், மேரி மிகவும் களைத்திருந்தார் என்றும், எழுதுவதையே வேதனையான வேலை என்று சொன்னார் என்றும் குறித்து வைத்தார். எழுதுகோலும் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. கவிதை எழுதும் நம் உறுப்பினர்கள் இக்குறிப்பை மறக்க வேண்டாம்.

மேரியின் கட்டுரை வெளிவந்த நான்கே ஆண்டுகளில், அதே இங்கிலாந்தின் ஊசிப் பயிற்சி தென் திருவிதாங்கூருக்குக் கப்பலேறி வந்தது. 1819-இல் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் தம் மனைவி மார்த்தாவுடன் நாகர்கோவில் வந்து சேர்ந்தார். மார்த்தா பெண்பிள்ளைகளைப் பள்ளியில் தங்கவைத்துப் படிக்க வைத்ததோடு, 1820-களின் தொடக்கத்தில் லேஸ் பின்னவும் கற்பித்தார். அதை நம் மக்கள் ரேந்தை என்பர். போர்த்துக்கீசியச் சொல் தமிழாகிவிட்டது. திண்டின்மேல் வரைபடம் விரித்து, ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. விரற்கடை அளவுக்குப் பின்னவே நெடுநேரம் பிடிக்கும். பின்னியது ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டைக்கும் கைவிளிம்புக்கும் போயிற்று. விற்ற பணம் பள்ளியை நடத்த உதவியது.

அப்பிள்ளைகளில் அடிமைகளின் மக்களும் இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855 வரை சட்டப்படி நிலவியது. ரேந்தை பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. என் கண்ணுக்கு, நம் பெண் விடுதலை வரலாற்றில் உரிய இடம் பெறாத செய்தி இதுதான். மேடையில் முழங்கிக் கிடைத்த விடுதலையன்று; முழம் போட்டு அளந்து விற்றுக் கிடைத்தது. தாளின் செய்த நூல் என்று கபிலர் கண்டதும் இத்தகைய முயற்சியைத்தானே?

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எந்தச் சாதிகளிலிருந்து இப்பிள்ளைகள் வந்தார்களோ, அச்சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணிவதற்கே அந்நாட்டில் தடை இருந்தது. மிஷனரி மனைவியர் குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டையைத் தைத்துக் கொடுத்தனர். அரசு 1829-இல் வெளியிட்ட அறிக்கை குப்பாயத்துக்கு இசைந்து தோள்சீலையை மறுத்தது. கலகங்களுக்குப் பிறகு 1859 ஜூலை 26-ஆம் நாள் அறிக்கையே நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை தந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. பிறர் மேனிக்கு அணிசெய்யும் துணியைப் பின்னிய விரல்கள், தம் மேனிக்குத் துணி கேட்டு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் காத்திருந்தன.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடியில் அதே ரேந்தைத் தொழிலைப் பெண்களுக்குக் கற்பித்தார். ஒப்பிலக்கணம் எழுதிய கணவருக்கு நாம் விழா எடுக்கிறோம். எலைசாவுக்கு ஒரு கட்டுரையேனும் எழுதலாம்.

கூலியாக இருந்தபோது விடுதலை வாங்கித் தந்த அதே கைவேலை, பொழுதுபோக்கு என்று பெயர் மாறியதும் என்ன ஆகிறது என்பதை ஆந்திரத்தின் நரசாப்பூர் காட்டுகிறது. அங்கும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகளே ரேந்தை வேலையைக் கொண்டுவந்தனர். 1970-களின் இறுதியில் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அவ்வூர்ப் பக்கங்களில் தங்கி ஆராய்ந்து, 1982-இல் நூலாக்கினார். வீட்டு வேலையெல்லாம் முடித்து, நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் குரோஷா ஊசியோடு உட்கார்ந்த பெண்கள் ஈட்டியது, விவசாயக் கூலிப் பெண்களுக்கு அரசு குறித்த குறைந்தபட்சக் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சரக்கு வெளிநாடுகளுக்குப் போயிற்று. வியாபாரிகளும் ஏற்றுமதியாளர்களும் ஆண்கள். பெண்களைத் தொழிலாளர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றே எல்லோரும் சொன்னார்கள். படியிறங்காமை கௌரவம் என்று வளர்ந்த காப்புச் சாதிப் பெண்கள், வயலில் இறங்கி அதிகம் சம்பாதித்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களைவிடத் தம்மை மேலானவராகவே எண்ணினர். அந்தக் கௌரவம்தான் கூலியைத் தின்றது.

நூற்பிலும் இவ்வழக்கு எழுந்தது. 1924 பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் கட்டணமாக மாதம் 2000 கஜம் நூல் கேட்டது. வசதியுள்ளோர் அதை விரதமாக நூற்றனர். ஏழைப் பெண்கள் அணாக்களுக்காக நூற்றனர். கதர் விலை ஏறும் என்று தெரிந்தே 1935-இல் காந்தியடிகள் நூற்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று நின்றார். விரதமும் கூலியும் ஒரே இராட்டையில் சுழலும்போது கூலியின் பக்கம் நின்றது அவருடைய நேர்மை.

மேலைநாட்டுப் பெண்ணியர்களுள் ஊசியைத் தூக்கி எறியச் சொன்னவர்கள் உண்டு. அதையே கொடியாக உயர்த்தியவர்களும் உண்டு. ஜூடி சிகாகோ 1979-இல் காட்சிக்கு வைத்த 'விருந்து மேசை'யில் வரலாற்றுப் பெண்கள் முப்பத்தொன்பது பேருக்கு இருக்கை உண்டு. ஒவ்வோர் இருக்கைக்கும் பூத்தையல் விரிப்பு உண்டு. நூற்றுக்கணக்கானோர் உழைத்தனர், பெரும்பாலோர் தன்னார்வலர். அவர்களுள் பலருடைய பெயர்கள் தனிப் பலகைகளில் பொறிக்கப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். 2003-இல் அமெரிக்காவின் டெபி ஸ்டோலர், பின்னல் வேலையை ஏளனம் செய்வது அதைப் பெண்கள் செய்வதால்தான் என்று வாதிட்டு, இளம்பெண்களைக் கூடிப் பின்ன அழைத்தார். அவ்வாதம் எனக்கு உடன்பாடே. மேரி லாமின் கணக்கில் கை பெறும் இன்பத்துக்கு இடம் குறைவு. பதினோராண்டு பிழைப்புக்குத் தைத்த கண்ணுக்கு அது தெரியாமற் போனதில் வியப்பில்லை. விரும்பிப் பின்னுபவள் பின்னட்டும். விரும்பியதை விட்டுவிடவும் அவளால் முடிய வேண்டும், விற்றால் விலை கேட்கவும் முடிய வேண்டும்.

நம் வீடுகளில் ஒயர் கூடை பின்னாத பெண் குறைவு என்ற காலம் இருந்தது. சிவன்கண், நெல்லிக்காய் என்று முடிச்சுகளுக்குப் பெயர் வைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். பின்னித் தரச் சொல்லும் அக்கம்பக்கத்தார் ஒயர்க் கட்டுகளின் விலையை எண்ணிக் கொடுப்பார்கள். கைவேலைக்கு என்று ஏதேனும் கேட்டால், சும்மா இருக்கிற நேரத்தில் போடுவதுதானே என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்களே. மேரி லாம் தம் கட்டுரையை எழுதியதும் பெண்களுக்குத்தான்.