348 கோல்கள்: தர்ஜினி சிவலிங்கத்தின் கணக்கு

லாச்சப்பல் கடைத்தெருவில் இருந்து ரூ மார்க்ஸ் டோர்மா வழியாக வடக்கே நடந்தால் அரை மணி நேரத்துக்குள் போர்த் து லா சப்பல் வந்துவிடும். அங்கே 2024 பெப்ரவரியில் திறக்கப்பட்ட அடிடாஸ் அரங்கு நிற்கிறது. ஒலிம்பிக்கின்போது பாட்மின்டன் நடந்த இடம் இது. இப்போது பரிஸ் பாஸ்கற்போல் கழகத்தின் சொந்த ஆடுகளம். ஆட்ட நாட்களில் எங்கள் பிள்ளைகளும் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறார்கள். 2.24 மீற்றர் உயரமான விக்டர் வெம்பன்யாமா எந்தக் கழகத்தில் தொடங்கினார், 2022–23 பருவத்தில் பிரெஞ்சு முதற்தர லீக்கில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 21.6 புள்ளிகள் எடுத்து முதலிடம் பிடித்தது எப்படி என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அந்தப் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எங்கட ஆக்களில அப்பிடி ஒருத்தரும் இல்லையா?" இருக்கிறார். ஆனால் அவர் ஆடியது கூடைப்பந்து அல்ல, அதன் தங்கை விளையாட்டான வலைப்பந்து. பிரான்சில் அநேகமாக எவருக்கும் தெரியாத விளையாட்டு அது. ஊரில் பள்ளிக்கூடம் போன அம்மாமாருக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் அதை 'நெற்போல்' என்றுதான் சொல்லி வளர்ந்தோம்.

யாழ்ப்பாணம், புன்னாலைக்கட்டுவன், ஈவினையைச் சேர்ந்தவர் தர்ஜினி சிவலிங்கம். உயரம் 2.08 மீற்றர், பழைய கணக்கில் ஆறடி பத்து அங்குலம். உலகின் மிக உயரமான வலைப்பந்தாட்ட வீராங்கனை என்று அறியப்பட்டவர். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கொழும்பில் செலான் வங்கி அணிக்கும், மெல்பேர்னில் சிற்றி வெஸ்ற் ஃபல்கன்ஸ் கழகத்துக்கும் ஆடியவர். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் சிறந்த கோல் போடுபவராகத் தெரிவானார். 2019 ஜூலை 12 முதல் 21 வரை லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டார். ஒஸ்ரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, ஜமேக்கா என்று பெரிய அணிகள் எல்லாம் வந்திருந்த போட்டியில் வேறெந்த வீராங்கனையும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பது.

அதே போட்டியில் இலங்கை அணி பிடித்த இடம் 15. ஆடிய அணிகள் 16.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லும்போது பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். இவ்வளவு கோல் போட்டும் எப்படித் தோற்றார்கள் என்று கேட்கிறார்கள். அதற்கு விடை ஆட்டத்தின் விதிகளுக்குள் இருக்கிறது.

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்து, சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நீளப் பாவாடையோடு ஓடித் திரிய முடியாது என்று பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதை எடுத்துவிட்டார்கள். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு எல்லை வைத்தார்கள். வலைப்பந்து அப்படிப் பிறந்தது. பிரித்தானியர் ஆண்ட நாடுகளிலேயே அது பரவியது. பிரான்சில் பெண்களும் கூடைப்பந்தையே ஆடினார்கள். இங்கே நெற்போல் இல்லாததற்கு இதுதான் காரணம். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்னில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது இலங்கையும் போய் ஆடியது.

ஓர் அணியில் ஏழு பேர். வளையத்தின் உயரம் கூடைப்பந்தில் இருப்பதுபோல 3.05 மீற்றர்தான், ஆனால் பின்னால் பலகை கிடையாது. எறிந்த பந்து பலகையில் பட்டுத் திரும்பி உள்ளே விழும் சலுகை இல்லை. பந்தை மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது. கோல் போட இரண்டு பேருக்கு மட்டுமே உரிமை, அதுவும் 4.9 மீற்றர் ஆரையுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுதான். எங்கிருந்து போட்டாலும் ஒரு கோலுக்கு ஒரு புள்ளி.

தர்ஜினி ஆடியது கோல் சூற்றர் இடத்தில். அந்த இடத்தில் ஆடுபவர் ஆடுகளத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி வெளியே வரக்கூடாது. தன் அணி மறுபக்கத்தில் கோல் வாங்கிக்கொண்டிருக்கும்போது அவர் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். வெம்பன்யாமா கோலும் போடுவார், மறுபக்கம் ஓடிப்போய் எதிரியின் பந்தைத் தட்டியும் விடுவார். தர்ஜினிக்கு அந்த வாய்ப்பை விதி தரவில்லை. அதேநேரம் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவில் இருந்து பந்தைத் தொடங்கும் உரிமை இரு அணிகளுக்கும் மாறி மாறி வரும். யார் கோல் போட்டார்கள் என்பது அங்கே கணக்கில்லை. ஆகவே பலவீனமான அணிக்கும் பந்து கிடைத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பந்தை அரைவட்டம் வரை கொண்டுபோய் உயரத் தூக்கிப் போட்டுவிட்டால் மிச்சத்தைத் தர்ஜினி பார்த்துக்கொள்வார். இடையில் பறிகொடுத்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

"வளர்த்தி இருந்தா யாரும் போடலாம்தானே" என்று சொல்பவர்களும் எங்களுக்குள் உண்டு. அவர் தலைக்கும் வளையத்துக்கும் இடையில் 97 சென்ரிமீற்றர்தான், உண்மை. ஆனால் உயரம் உதவுவது பந்தைப் பிடிப்பதற்கு. முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி என்று இரண்டு பேர் மறித்து நிற்க, ஒரு காலை ஊன்றியபடி, மேலே வந்த பந்தை நுனிவிரலால் எடுத்து, மூன்று வினாடிக்குள் பலகையில்லாத வளையத்துக்குள் விட வேண்டும். பத்து நாளில் 348 தடவை அதைச் செய்யக் கை பழகியிருக்க வேண்டும்.

கூடைப்பந்தின் மிகப் பெரிய புள்ளிக் கணக்கும் இதே கதையைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் வில்ற் சேம்பர்லேன் 1961–62 பருவத்தில் 4029 புள்ளிகள் எடுத்தார், ஆட்டத்துக்குச் சராசரி 50.4. 1962 மார்ச் 2ஆம் திகதி ஒரே ஆட்டத்தில் 100. இன்றுவரை எவரும் அவற்றைத் தாண்டவில்லை. அந்தப் பருவத்தில் அவருடைய அணி 49 ஆட்டங்களில் வென்று 31இல் தோற்றது. அடுத்த பருவத்திலும் அவர்தான் முதலிடம், சராசரி 44.8. அணியோ 31 வெற்றி, 49 தோல்வி. அவரையும் உயரத்தைச் சொல்லித்தான் குறைத்துப் பேசினார்கள். (4029ஐயும் 348ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம். ஒன்று எண்பது ஆட்டங்களின் கணக்கு, மற்றது பத்து நாள் கணக்கு.)

வெல்லும் அணியிலும் தர்ஜினி ஆடியிருக்கிறார். ஆசியக் கிண்ணத்தை இலங்கை ஆறு தடவை வென்றிருக்கிறது: 1989, 1997, 2001, 2009, 2018, 2022. கடைசி மூன்றிலும் அவர் இருந்தார். இடையில் சில காலம் தேசிய அணியில் இல்லாமல் இருந்து, 2018 சிங்கப்பூர் போட்டிக்குத் திரும்பி வந்தார். இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரை 69–50 என்று வென்றார்கள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு கிண்ணம் திரும்பியது. அந்த அணியில் இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார், சேதுகாவலர் எழிலேந்தினி.

2009 என்ற எண்ணை நாங்கள் சும்மா கடந்து போக முடியாது. முள்ளிவாய்க்காலின் ஆண்டு அது. பரிஸ் வீதிகளில் நாங்கள் பதாகையோடு நின்ற ஆண்டு. அந்த ஆண்டில்தான் புன்னாலைக்கட்டுவன் பிள்ளை இலங்கைச் சட்டையோடு ஆசியக் கிண்ணத்தை வென்றார். அந்தப் படத்தைப் பார்க்க முடியாமல் பக்கத்தைப் புரட்டியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். வெட்டி எடுத்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்ததுண்டு. அந்தச் சட்டையைப் பற்றிய எங்கள் மனத்தாங்கல் எங்களுடையது, அது தீரவும் இல்லை. அதற்காக அவர் போட்ட கோல்களைக் கணக்கில் இருந்து அழிப்பது நியாயமில்லை என்பது எங்கள் எண்ணம். ஊரில் இருந்த ஒரு பெண் பிள்ளைக்கு உலக அரங்குக்குப் போக இருந்த வாசல் அது ஒன்றுதான்.

உயரத்துக்காகச் சின்ன வயதில் கேலி கேட்டதைத் தர்ஜினியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போது எங்களுக்கு இங்கத்தைய தாய்மார் நினைவுக்கு வருகிறார்கள். பதின்மூன்று வயது மகள் தகப்பனைவிட வளர்ந்துவிட்டாள், இனி மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டே கவலைப்படுகிறவர்கள். பிள்ளை பக்கத்தில் கூனிக்கொண்டு நிற்பாள். அவளுக்கும் காது கேட்கும்.

பரிஸில் நெற்போல் கழகம் தேடி அலையத் தேவையில்லை. லண்டனிலும் மெல்பேர்னிலும் உள்ள உறவுகளின் பிள்ளைகளுக்குத்தான் அது பக்கத்தில் கிடைக்கும். இங்கே பாஸ்கற். செப்டெம்பரில் நகரசபைகள் நடத்தும் சங்கங்களின் சந்திப்பு நாளில் எல்லாக் கழகங்களும் மேசை போட்டிருப்பார்கள். பெண் பிள்ளைகள் பிரிவைக் கேட்டுப் பதிய வேண்டியதுதான். பதினொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வளையம் 2.60 மீற்றரில் இருக்கும். 3.05 பிறகு வரும்.