9. இரண்டாவது கதவு

போன வாரம் காலரா நஞ்சைக் குடலின் வாசலில் நிறுத்திவிட்டு விடைபெற்றோம். ஏழு நாளாக அது அங்கேயே நிற்கிறது. வாருங்கள், பின்தொடர்வோம்.

நஞ்சின் ஐந்து துண்டுகள் வளையமாகக் கைகோத்துக் குடல் செல்லின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் மேல் உட்கார்ந்து வந்த ஆறாவது துண்டுதான் கொலையாளி. வளையம் பிடித்துக்கொள்ள, கொலையாளியின் ஒரு பகுதி கழன்று செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே இருக்கும் ஒரு சுவிட்சை அணைக்க முடியாதபடி இறுக்கிவிடுகிறது.

குளோரைடு வெளியேறும் கதவு இப்போது திறந்தபடியே நிற்கும். குளோரைடு ஓட, பின்னால் சோடியம். அதன் பின்னால் தண்ணீர். முற்றிய காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும்.

ஒரு பகல் போதும், ஆளைச் சாய்க்க.

1971. மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான போன்காவ். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து போருக்குத் தப்பி அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். மருத்துவமனையில் காலராவுக்கென்று இரண்டு அறைகள். தரையெல்லாம் நோயாளிகள். வாந்தியிலும் பேதியிலும் மண்டியிட்டு, நரம்பு தேடி ஊசி குத்திக்கொண்டிருந்தார் ஒரு குழந்தைகள் மருத்துவர்.

திலீப் மஹலனாபிஸ்.

அவர் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் நிலவரம் புரிந்துவிட்டது. சலைன் போதவில்லை. அதை நரம்பில் ஏற்றத் தெரிந்தவர்கள் அவர் குழுவில் இரண்டே பேர்.

தோற்றுக்கொண்டிருந்தார்.

கையில் இன்னொரு வழி இருந்தது. உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பது. ஆய்வு வார்டுகளில் பலித்த வழிதான். ஆனால் அங்கே அளந்து கொடுக்கப் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? நோயாளியின் அம்மா. அக்கா. கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர். அவர்களை நம்பி உயிரை ஒப்படைக்கலாமா?

சலைனுக்குக் காத்திருந்தால் சாவு உறுதி. குடிக்கக் கொடுத்தால் பிழைக்க ஒரு வாய்ப்பு உண்டு. அவர் முடிவு செய்துவிட்டார்.

கல்கத்தாவில் அவர் பணியாற்றிய ஆய்வு மையத்தின் நூலக அறை மருந்துப் பட்டறை ஆனது. ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். நிறுத்துப் பாலிதீன் பைகளில் போட்டார்கள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பையின் வாயை ஒட்டினார்கள். போன்காவில் டிரம்களில் கரைத்து வைத்தார்கள். அதற்கு மஹலனாபிஸ் வைத்த பெயர் 'வாய்வழி சலைன்'. சலைன் என்றால் மக்கள் நம்புவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

துவண்டு கிடந்தவர்களுக்கு முதலில் நரம்பில் சலைன். மற்றவர்களுக்குக் குவளை.

குடித்தார்கள். வாந்தி எடுத்தார்கள். மறுபடியும் குடித்தார்கள்.

பேதி நிற்கவில்லை.

ஆனால் சாவு நின்றுகொண்டே வந்தது! அகதி முகாமில் 100க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நோய் அது. மஹலனாபிஸின் பொறுப்பில் இருந்தவர்களில் இறந்தவர்கள் 3.6 சதவீதம்தான்.

நஞ்சு திறந்த கதவை யாரும் மூடவில்லையே, பிறகு எப்படிப் பிழைத்தார்கள்?

குடலின் சுவரில் இன்னொரு கதவு இருக்கிறது. குளுக்கோஸ் மட்டும் வந்தால் அது திறக்காது. சோடியம் மட்டும் வந்தாலும் திறக்காது. ஒரு குளுக்கோஸும் இரண்டு சோடியமும் ஜோடி சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். அவை நுழைந்தால் தண்ணீரும் கூடவே நுழையும். காலரா நஞ்சு இந்தக் கதவைத் தொடுவதே இல்லை. ஒரு வாசலில் கொள்ளை போவதை மறு வாசல் வழியாக நிரப்பினார்கள் அந்த அம்மாக்களும் அக்காக்களும்.

அந்த உப்பு, குளுக்கோஸ் கலவைதான் இன்றைய ஓஆர்எஸ். உங்கள் வீட்டு அலமாரியிலும் இரண்டு பாக்கெட் இருக்கட்டும். ஒரு போர்க்காலத்து அறையில், வேறு வழியில்லாத ஒரு மருத்துவர் நிரூபித்துக் கொடுத்த சொத்து அது.

அந்த இரண்டாவது கதவு எப்படி இருக்கும்? அதே குடும்பத்தைச் சேர்ந்த கதவு ஒன்றின் அணு அமைப்பை விஞ்ஞானிகள் முதன்முதலில் பார்த்தது 2008இல், கலிஃபோர்னியாவில். அது மனிதக் குடலிலிருந்து எடுத்த கதவு அல்ல. ஒரு கிருமியின் கதவு.

எந்தக் கிருமி தெரியுமா? காலராக் கிருமியின் சொந்தப் பங்காளி!

கொலைகாரக் குடும்பத்தின் வீட்டிலேயே காப்பாற்றும் கதவின் வரைபடம் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க, அடுத்த வாரம் வாருங்கள்.