சப்பாத்திக்கள்ளி வந்த கதை

சென்னையில இருக்கிற என் மகள், மாடியில வைக்கக் கள்ளிச்செடி வேணும்னு கேட்டாள். கடையில வாங்காம விதை போட்டே வளர்த்துத் தரேன்னு சொல்லிட்டேன். கடலையும் சோளமும் விதைச்ச கைதான். ஆனா கள்ளி விதை போட்டது இதுதான் முதல் தடவை.

மாசி மாசம் மேட்டுக்காட்டு ஓரத்துல சப்பாத்திக்கள்ளிப் பழம் நாலு பறிச்சு, தரையில தேய்ச்சுச் சுனையை எடுத்தேன். விதையைக் கழுவி, பாதி மணலும் பாதி செம்மண்ணும் கலந்த சட்டியில போட்டேன். ஒரு மாசம் ஆகியும் ஒண்ணும் முளைக்கல. அந்த விதையோட ஓடு கல்லு மாதிரி கெட்டின்னு பிறகுதான் தெரிஞ்சது. அடுத்த தடவை உப்புத்தாள்ல லேசா உரசி, ஒரு நாள் ஊறவெச்சுப் போட்டேன். தண்ணி தெளிச்சதோட சரி, ஊத்தல. வைகாசியில தடிச்ச ரெண்டு விதையிலை எட்டிப் பார்த்துச்சு. நடுவுல முள்ளோட குட்டி மொட்டு வந்த பிறகுதான் இது கள்ளிதான்னு நம்பிக்கை வந்தது.

காத்திருந்த நாள்ல இந்தச் செடியோட கதையைத் தேடிப் படிச்சேன். இது நம்மூர் செடியே இல்லை. திருகுகள்ளி, சதுரக்கள்ளி நம்முடையவை. கிள்ளினா பால் வரும். சப்பாத்திக்கள்ளியில பால் வராது. இதோட இனமே அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது.

கப்பல் ஏறி வந்த காரணம் ஒரு சாயம். மெக்சிகோவில கள்ளி மேல வாழுற கொச்சினீல் பூச்சியைக் காயவெச்சா அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். பிரிட்டிஷ் படை அதிகாரிகளோட சிவப்புக் கோட்டுக்கு அதுதான் சாயம். அந்த வியாபாரத்தை ஸ்பெயின்காரங்க கையில பிடிச்சு வெச்சிருந்தாங்க. அதை நாமே உண்டாக்கிடலாம்னு கிழக்கிந்தியக் கம்பெனி நினைச்சது. 1780-களோட கடைசியில, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில கள்ளித் தோட்டமே போட்டார்.

1795-ல கேப்டன் நீல்சன் பிரேசில் நாட்டு ரியோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். நல்ல சாயப் பூச்சின்னு நம்பினாங்க. வந்தது அதோட மட்டமான பங்காளி. சாயம் தேறல. ஆனா ஒரு வகைக் கள்ளியை அது தின்னே தீர்த்தது. அதைப் பார்த்து, கள்ளியை ஒழிக்கணும்னே 1836 வாக்கில தென்னிந்தியாவுக்கும் கொண்டு வந்தாங்க. பூச்சியை விட்டுக் களையை அழிக்கிற முறைக்கு உலகத்துலயே இதுதான் முதல் உதாரணம்னு சொல்றாங்க.

நம்ம பக்கம் நிக்கிற மஞ்சள் பூக் கள்ளி வேற வகை. அதை அந்தப் பூச்சி தொடல. வேலிக்குன்னு வெச்சது காட்டையே வளைச்சுக்கிச்சு. வெட்டிப் போட்ட மடல் கிடந்த இடத்துலயே வேர்விடும். பழம் தின்ன பறவை விதையை எச்சத்துல கொண்டு போய்ப் போடும். உழுற நிலம் கையை விட்டுப் போனதைத் தாத்தா சொல்லியிருக்காராம், அப்பா சொல்லுவார். 1926-ல இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் பூச்சி வந்துச்சு. சில வருஷத்துல புதர் புதரா மஞ்சள் பூக் கள்ளியும் சாய்ஞ்சது.

இதைப் படிச்சதும் மேட்டுக்காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு மடல்ல வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. நசுக்கினேன். விரலெல்லாம் ரத்தச் சிவப்பு.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. காட்டுப்பன்றித் தொல்லைக்கு, மிச்சமிருக்கிற பதினோரு நாத்தையும் வரப்போரமா வேலியா நட்டுடலாம்னு. இப்ப அந்த எண்ணத்தை விட்டுட்டேன். கொண்டு வந்தவங்களும் ஒரு தோட்டத்துக்குன்னுதான் கொண்டு வந்தாங்க. என் பேரன் காலத்துல மறுபடி யாரு வெட்டிக்கிட்டு நிக்கிறது?

மகளுக்கு ஒரு தொட்டி போகுது. நீங்களும் வளர்த்தா தொட்டியோட வெச்சுக்கங்க. பழம் சிவக்கிறதுக்கு முன்னாடி பறிச்சிடுங்க. ஒடிஞ்ச மடலை வெளியே வீசாதீங்க. வெள்ளைப் பஞ்சு தெரிஞ்சா, மருந்தடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை நசுக்கிப் பாருங்க.