மாவும் காணியும் சேர்ந்தால்

இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினால் அச்சில் ஒரே குறியாக விழுவது கணினி அச்சுக்கோப்பில் சாதாரண விஷயம். டொனால்ட் க்னூத் 1978இல் வெளியிட்ட டெக் மென்பொருளில் மூன்று சிறுகோடுகளைத் தட்டினால் ஒரு நீண்ட கோடு வரும். அந்தச் சேர்க்கை விதி எழுத்துருவுக்குள்ளேயே அட்டவணையாக உட்கார்ந்திருக்கிறது. எழுதுகிறவருக்கும் எழுத்துக்கும் நடுவில் யாரோ ஒருவர் முன்கூட்டித் தீர்மானித்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த யாரோ ஒருவரைத் தேடினால் காவிரிப் படுகையில் அவர் வெகுகாலமாகவே இருந்திருக்கிறார்.

தஞ்சாவூர்ப் பக்கம் வேலிக்கு 20 மா, மாவுக்கு 100 குழி. மா என்பது நிலம். இருபதில் ஒன்று என்ற எண்ணும் அதுதான். காணி எண்பதில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒன்று. வாயில் இரண்டு சொல், ஏட்டில் ஒற்றைக் குறி. எட்டின் குறி அகரத்தையும், காலின் குறி வகரத்தையும் ஒத்திருப்பதால், இரண்டையும் சேர்த்து 'அவ' என்று வசைபாடும் பாட்டு ஒன்று ஔவையார் பேரில் உலவுகிறதே, அந்த விளையாட்டும் இதைத் தெரிந்தவர்களுக்குத்தான். முந்திரி 320இல் ஒன்று. அதற்கும் கீழே முந்திரியில் முந்திரி, கீழ்முந்திரி: 1,02,400இல் ஒன்று. ஒரு வேலியில் அது சுமார் மூன்று சதுர அடி, ஒரு ஆள் நிற்கிற இடம். பெரிய கோயில் கல்வெட்டுகள் இந்தக் கீழ்க் கணக்கில் இன்னும் ஆழமாக இறங்குகின்றன. இதைக் கணிதப் பெருமையாக மட்டும் பேசுகிறவர்கள், இவ்வளவு நுணுக்கமும் வரிக்காக என்பதைச் சொல்வதில்லை.

கோல் பிடித்து அளந்தவர் வெட்டியான். குறி போட்டவர் கணக்குப்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி, நெல்லிலக்கம் என்று பையன்கள் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை இல்லை. கூலி மரக்காலில் விழுந்தது, கணக்கு குறியில் ஏறியது. மரக்கால் குறைந்தால் பண்ணையாளுக்குக் கண்ணுக்குத் தெரியும், குறி குறைந்தால் தெரியாது. 1968இல் கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தினிடையே கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை எழுதும்போது அளவையின் அரசியலையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1957இல் தசம நாணயம், பின்னாலேயே மெட்ரிக் அளவை. குறிகள் வழக்கொழிந்தன. 1978இல் பெரியார் சீர்திருத்தத்தை அரசு ஏற்றபோது தும்பிக்கை வைத்த லை, னை உட்பட 13 எழுத்துகளின் ஒட்டு பிரிக்கப்பட்டது. அச்சுக்கோப்பவருக்கு அது பெரிய ஆசுவாசம். 1980இல் பரம்பரைக் கர்ணம் பதவியும் போயிற்று. ஒட்டு எழுத்தும் ஒட்டுக் கணக்கும் ஒரே சமயத்தில் கழன்றது தற்செயலாக இருக்கலாம். சேர்த்து வாசிக்கத் தடையில்லை.

இப்போது குறிகள் வேறு வழியில் திரும்பிவிட்டன. 2019இல் யூனிகோடு 12ஆம் பதிப்பு தமிழுக்குக் கூடுதலாக 51 இடங்கள் தந்தது: முந்திரி, காணி, மா, நெல், குறுணி, வேலி எல்லாம் உண்டு. பதினாறில் ஒன்றுக்கு இரண்டு வடிவம். 'கீழ்' என்பதற்கே தனி எண். ஒவ்வொன்றும் முடிந்துபோன முழுக்குறி. மாவையும் காணியையும் தட்டினால் மாகாணி வர வேண்டுமென்றால் எழுத்துரு செய்கிறவர்தான் அந்த விதியை எழுத வேண்டும்.

மா என்ற சொல்லுக்கு இந்த உதவியெல்லாம் தேவைப்படவில்லை. மன்னார்குடிப் பக்கம் போய்க் கேட்டால் "ரெண்டு மா நடவு" என்றுதான் சொல்வார்கள். ஆனால் பழைய பத்திரத்தை எடுத்து நீட்டினால், எழுத்தைப் படித்துவிடுகிற பேரன் குறி வந்ததும் நிறுத்திவிடுகிறான்.