ஃபசெல் வேகா: ஒரு காரும் அதை நம்பி வாங்கியவர்களும்

கடந்த ஆண்டின் இறுதியில் என் பள்ளித் தோழன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய நாடொன்றில் வாழ்பவன். பனியிலும் குளிரிலும் இரண்டு வேலை செய்து, வீட்டுக் கடனைக் கட்டி முடித்து, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தவன். எல்லாக் கடமைகளும் முடிந்த பின்னர் தனக்கென்று ஓர் ஆசையை நிறைவேற்றிக்கொண்டான். விலையுயர்ந்த மின்சாரக் கார் ஒன்றை வாங்கினான். அதைத் தயாரித்தது, சில ஆண்டுகளுக்கு முன்னர் எவரும் கேள்விப்பட்டிராத ஒரு புதிய நிறுவனம். அதன் பெயர் இங்கே அவசியமில்லை. வாங்கி இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் அந்த நிறுவனம் வங்குரோத்து அடைந்துவிட்டது.

"மச்சான், கார் வாசலில நிக்குது. செய்த கொம்பனி இல்லை. ஒரு கதவுப் பூட்டு பழுதெண்டாலும் ஆரிட்டப் போறதெண்டு தெரியேல்லை. பென்ஸை வாங்கச் சொன்னனான் எண்டு மனிசி ஒவ்வொரு நாளும் சொல்லிக் காட்டுறா" என்றான். பின்னர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "நீ பத்திரிகைக்காரன். உப்பிடி முந்தியும் ஆருக்கும் நடந்திருக்கோ?" என்று கேட்டான்.

நடந்திருக்கிறது. அன்று தொலைபேசியில் அவனுக்குச் சுருக்கமாகச் சொன்ன கதையை இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகின்றேன்.

அந்தக் கதை எனக்கு அறிமுகமானது கார்களின் மீதிருந்த ஆர்வத்தினால் அன்று, இலக்கியத்தின் வழியாகவே. பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில், வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய 'அந்நியன்' நாவல் எங்கள் கைகளில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஆசிரியர் அல்பேர் காம்யு 1960ஆம் ஆண்டு ஒரு கார் விபத்தில் உயிரிழந்தார் என்பது அப்போதே தெரியும். அது எந்தக் கார் என்பதைப் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் பணியாற்றத் தொடங்கிய பின்னர்தான் அறிந்தேன். ஃபசெல் வேகா. அதற்கு முன்னர் நான் கேள்விப்பட்டிராத பெயர். அந்தப் பெயரைத் தேடிப் போனபோதுதான் ஒரு நிறுவனத்தின் பத்து ஆண்டு வாழ்வும் வீழ்ச்சியும் என் முன்னே விரிந்தன.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஆடம்பரக் கார்களுக்குப் பெயர் பெற்ற நாடு பிரான்ஸ். புகாட்டி, டிலாஹே, டிலாஜ், டால்போ ஆகிய பெயர்கள் மன்னர்களுக்கும் மகாராஜாக்களுக்கும் பரிச்சயமானவை. போருக்குப் பின்னர் நிலைமை தலைகீழாக மாறியது. வலுக் கூடிய இயந்திரங்களைக் கொண்ட கார்கள்மீது அரசாங்கம் கடுமையான வரி விதித்தது. நாட்டைக் கட்டியெழுப்ப வேண்டிய காலத்தில் சிறிய கார்களே போதும் என்பது அன்றைய கொள்கை. பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1954இல் டிலாஹே வேறொரு நிறுவனத்துடன் இணைந்து தன் கார்த் தயாரிப்பை நிறுத்தியது.

அதே 1954ஆம் ஆண்டில், பாரிஸ் கார்க் கண்காட்சியில் ஒரு புதிய பெயர் தோன்றியது. அதன் பின்னால் நின்றவர் ஜோன் டனினோஸ். 1906இல் பிறந்த இவர், சித்ரோயன் நிறுவனத்திலும் பின்னர் விமானத் துறையிலும் அனுபவம் பெற்றவர். அவருடைய ஃபசெல் நிறுவனம் 1939இல் உருவானது. அடிப்படையில் அது ஓர் உலோகத் தொழிற்சாலை. பிறருக்காக உலோகப் பாகங்களையும் கார் உடற்கூடுகளையும் செய்து கொடுத்து வந்தது. பனார், சிம்கா, ஃபோர்ட் ஆகியவற்றின் கார்களுக்கு ஃபசெல் செய்த உடற்கூடுகள் வீதிகளில் ஓடின. ஆனால் வாங்கியவர்களுக்கு அதைச் செய்தவரின் பெயர் தெரியாது. பிறருக்குச் சட்டை தைத்துக் கொடுத்த தையற்காரர் ஒருநாள் தன் பெயரில் கடை திறந்ததைப் போல, டனினோஸ் தன் பெயரில் கார் செய்யத் துணிந்தார். 'வேகா' என்ற விண்மீனின் பெயரைச் சூட்டலாம் என்று யோசனை கூறியவர் அவரது சகோதரர், எழுத்தாளர் பியேர் டனினோஸ்.

உடற்கூடு செய்யத் தெரிந்தவரிடம் இயந்திரம் இருக்கவில்லை. பிரான்சில் அத்தகைய பெரிய இயந்திரத்தை அப்போது எவரும் செய்யவும் இல்லை. எனவே அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்திடமிருந்து, அதன் டிசோட்டோ கார்களுக்கான எட்டு உருளை இயந்திரத்தை வாங்கிப் பொருத்தினார். பிரெஞ்சு உடல், அமெரிக்க இதயம். ஓட்டுநரின் முன்னிருந்த பலகை உயர்ந்த வால்நட் மரம் போலத் தோன்றும். உண்மையில் அது உலோகத்தில் கையால் தீட்டப்பட்ட வண்ணம். உற்றுப் பார்த்தாலும் மரமென்றே நம்புவார்களாம்.

இந்தப் புதிய பெயரை நம்பிப் பெருந்தொகை கொடுத்தவர்கள் யார்? பழைய பெயர்களில் சலிப்புற்றவர்கள், அல்லது பிறரிடம் இல்லாத ஒன்றைத் தேடியவர்கள். நடிகை ஏவா காட்னர், கார்ப் பந்தய வீரர் ஸ்டேர்லிங் மொஸ் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். மொஸ் போன்ற ஒருவர் தன் சொந்தப் பாவனைக்கு ஒரு காரைத் தெரிவு செய்தால், அது ஆயிரம் விளம்பரங்களுக்குச் சமம். அவர் தெரிவு செய்த எச்.கே. 500 என்ற மாதிரி, நான்கு பேர் பயணம் செய்யக்கூடிய கார்களில் அக்காலத்தில் மிக வேகமானவற்றுள் ஒன்று.

அந்த வாடிக்கையாளர்களில் இன்னொருவர் மிஷேல் கலிமார். பிரான்சின் புகழ்பெற்ற பதிப்பகக் குடும்பத்தைச் சேர்ந்தவர், காம்யுவின் நண்பர். காம்யுவிடம் இருந்தது ஒரு பழைய கறுப்பு சித்ரோயன். 1960ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி, தெற்கே லூர்மரன் கிராமத்திலிருந்து கலிமார் குடும்பத்தினருடன் அவர்களுடைய ஃபசெல் வேகாவில் அவர் பாரிசுக்குப் புறப்பட்டார். முதலில் ரயிலில் செல்லவே எண்ணியிருந்தார் என்றும், பயன்படுத்தப்படாத பயணச் சீட்டு அவரது சட்டைப்பையில் இருந்தது என்றும் சொல்வர். மறுநாள் பிற்பகல், வில்பிளவன் என்ற சிற்றூருக்கு அருகே, நேரான வீதியில் ஓடிக்கொண்டிருந்த கார் தடம் புரண்டு மரத்தில் மோதியது. முன்னாசனத்தில் இருந்த காம்யு அந்த இடத்திலேயே உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 46. நோபல் பரிசு பெற்று மூன்று ஆண்டுகளும் நிறைவடைந்திருக்கவில்லை. கலிமார் சில நாட்களின் பின்னர் மரணமானார். பின்னாசனத்தில் இருந்த அவருடைய மனைவியும் மகளும் உயிர் தப்பினர். காம்யுவின் பையில் இருந்த முடிவுறாத நாவலின் கையெழுத்துப் பிரதி 'முதல் மனிதன்' என்ற பெயரில் 1994இல்தான் நூலாக வெளிவந்தது.

ரயர் வெடித்தது என்றும், அச்சு முறிந்தது என்றும் அன்றே இரு விதமாகப் பேசப்பட்டது. நெடுங்காலப் பெயர் பெற்ற ஒரு காரில் இவ்விபத்து நிகழ்ந்திருந்தால், காரின் பெயரை எவரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். புதியவனுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. ஃபசெல் வேகா என்ற பெயரை உலகில் பலர் முதன்முதலாக வாசித்தது ஒரு மரணச் செய்தியில்தான்.

எனினும் அந்த நிறுவனத்தை வீழ்த்தியது இந்த விபத்து அன்று. அதை வீழ்த்தியது ஒரு நியாயமான பெருமிதம்.

அமெரிக்க இயந்திரத்துடன் ஓடும் காரை முழுமையான பிரெஞ்சுக் கார் என்று சொல்ல முடியாது என்ற குறை டனினோசின் மனத்தில் இருந்தது. விலை குறைந்த, கூடுதலாக விற்கக்கூடிய ஒரு சிறிய காரும் நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது. இரண்டுக்கும் விடையாக 'ஃபசெலியா' பிறந்தது. அதன் 1.6 லீற்றர் இயந்திரம் பிரான்சிலேயே, பொன்தா மூசோன் நிறுவனத்தினால் செய்யப்பட்டது. அழகான கார். ஆனால் இயந்திரம் போதிய அளவு சோதிக்கப்படாமல் சந்தைக்கு வந்துவிட்டது. பிஸ்டன்கள் கருகின. வாங்கியவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காரைத் திருப்பிக் கொண்டுவந்தனர். உத்தரவாதத்தின் கீழ் இயந்திரங்களை மாற்றிக் கொடுத்தே நிறுவனத்தின் கையிருப்புக் கரைந்தது. 1962இல் அது நீதிமன்ற மேற்பார்வையின் கீழ் வந்தது. பின்னர் சுவீடனின் வொல்வோ இயந்திரத்தைப் பொருத்தி 'ஃபசெல் 3' என்று வெளியிட்டார்கள். அது நம்பகமான கார்தான். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1964இல் தொழிற்சாலை மூடப்பட்டது. பத்து ஆண்டுகளில் செய்யப்பட்ட கார்களின் மொத்த எண்ணிக்கை மூவாயிரத்துக்கும் குறைவு.

அதே 1964இல் இலண்டன் கார்க் கண்காட்சியில் ஒரு 'ஃபசெல் 2' காரைத் தெரிவு செய்தார், பீட்டில்ஸ் குழுவின் மேளக் கலைஞர் ரிங்கோ ஸ்டார். மூடப்படும் கடையின் கடைசி வாடிக்கையாளர்களில் அவரும் ஒருவர்.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. 1989இல் அமெரிக்கச் சந்தைக்கு 'லெக்சஸ்' என்ற புதிய பெயர் வந்தது. பின்னால் இருந்தது ரொயோட்டா என்பது இரகசியமன்று. ஆயினும் ஆடம்பரக் கார் என்றால் ஜேர்மனி என்று பழகிப்போன பணக்காரர்களுக்கு அந்தப் பெயர் அந்நியமே. முதல் மாதிரியான எல்.எஸ். 400இன் ஆரம்ப விலை சுமார் 35 ஆயிரம் டொலர். விற்பனை தொடங்கிச் சில மாதங்களுக்குள், டிசம்பரில், பின்புறத்து நிறுத்த விளக்கிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் குறைபாடு இருப்பதாக முறைப்பாடுகள் வந்தன. அதுவரை விற்ற சுமார் எட்டாயிரம் கார்களையும் நிறுவனம் திருத்துவதற்கு மீள அழைத்தது. ஆட்களை வீடுகளுக்கே அனுப்பிக் கார்களை எடுத்துச் சென்று, பழுது நீக்கி, கழுவி, பெற்றோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தது. மூன்று வாரங்களுக்குள் வேலை முடிந்தது. மதிப்பைக் கெடுத்திருக்க வேண்டிய ஒரு குறையே அந்தப் பெயரை நிலைநிறுத்தியது.

ஃபசெலியாவைச் செய்தவர்களும் நேர்மையற்றவர்கள் அல்லர். அவர்களும் தங்கள் வாக்கைக் காப்பாற்றவே முயன்றார்கள். காப்பாற்றும் முயற்சியிலேயே அழிந்தார்கள். ரொயோட்டாவுக்கு அந்த வாக்கைத் தாங்கும் பணம் இருந்தது; டனினோசுக்கு இருக்கவில்லை. வேறுபாடு இவ்வளவே. புதிய பெயருள்ள விலையுயர்ந்த காரை வாங்குபவர் இரும்பையும் தோலையும் மட்டும் வாங்குவதில்லை. தயாரித்தவர் நாளையும் இருப்பார் என்ற வாக்கையும் சேர்த்தே வாங்குகின்றார். அந்த வாக்கின் பெறுமதியை எந்தக் கண்காட்சியிலும் பார்த்து அறிந்துகொள்ள முடியாது.

1964இற்குப் பின்னர் ஃபசெல் உரிமையாளர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் என் நண்பனுக்குத் தேவையான பகுதி. எந்த அமெரிக்க இயந்திரம் டனினோசுக்குக் குறையாகத் தெரிந்ததோ, அதுவே பெரிய கார்களின் உரிமையாளர்களைக் காப்பாற்றியது. கிரைஸ்லர் இருந்தது, உதிரிப்பாகங்கள் இருந்தன, அதைத் திருத்தத் தெரிந்தவர்களும் இருந்தனர். சொந்த இயந்திரம் கொண்ட ஃபசெலியா வைத்திருந்தவர்கள்தான் தவித்தனர். சிலர் வேறு இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டினர். பிரான்சிலும் பிரித்தானியாவிலும் உரிமையாளர்கள் சங்கம் அமைத்து, பாகங்களையும் அனுபவங்களையும் பகிர்ந்துகொண்டனர். ரிங்கோ ஸ்டார் வாங்கிய கார் 2013 டிசம்பரில் இலண்டனில் ஏலம் விடப்பட்டபோது மூன்று இலட்சத்து முப்பதாயிரம் பவுணுக்கு மேல் விலைபோனது. டனினோஸ் 2001இல் மறைந்தபோது, அவருடைய நிறுவனம் மூடப்பட்டு 37 ஆண்டுகள் கடந்திருந்தன, கார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இதைக் கேட்ட நண்பன் சிரித்தான். "எங்கட அப்பாவின்ர ஏ-40 மாதிரியெண்டு சொல்லு" என்றான். அவன் சொன்னது சரிதான். 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அந்த ஒஸ்ரின் கார்களைச் செய்த நிறுவனம் எங்கே இருக்கின்றது என்றுகூட எவருக்கும் தெரியாது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். உள்ளூர்ப் பட்டறைகளில் கடைந்தெடுத்த பாகங்களே அவற்றுக்குப் போதுமாக இருந்தன. திறந்து பார்த்தால் புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரம் அது.

இங்கேதான் நண்பனின் நிலை அந்த இரண்டிலிருந்தும் வேறுபடுகின்றது. ஆறுதல் சொல்வதற்காக அதை மறைக்க நான் விரும்பவில்லை. அவனுடைய காரை இயக்குவது மென்பொருள். அதைப் புதுப்பிக்க வேண்டிய கணினிகள் மூடப்பட்ட நிறுவனத்தின் வசம் இருந்தவை. அதைக் கடைசற் பட்டறையில் கடைந்தெடுக்க முடியாது. ஆகவே அவனிடம் இரண்டு விடயங்களைக் கூறினேன். அந்தக் காரின் எந்தப் பாகத்தை எந்த நிறுவனம் செய்தது என்று ஒரு பட்டியல் எடு. உன்னைப் போல ஏமாந்தவர்களைத் தேடிக் கண்டுபிடி. அதற்கு முன் விற்காதே.

கடந்த மாதம் மீண்டும் பேசினான். பிரேக்கும் விளக்குகளும் பெரிய நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்தப்பட்டவை என்று தெரியவந்ததாம். அவன் வாழும் நாட்டிலேயே அந்தக் காரை வைத்திருக்கும் நாற்பது பேர் வரை ஒன்று சேர்ந்திருக்கின்றார்கள். அவர்களுள் ஓர் இளைஞர் மென்பொருள் தெரிந்தவர். கதவுப் பூட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார். மற்றவற்றை எவராலும் இன்னும் தீர்க்க முடியவில்லை. மனைவி மட்டும் அந்தக் காரில் நெடுந்தூரம் வர மறுக்கின்றாராம்.

"அப்ப கடைக்கு?" என்று கேட்டேன்.

"கடைக்கு வாறா. ஆனா பஸ்ஸுக்குக் காசும் எடுத்துக்கொண்டுதான் வாறா" என்றான்.